அறுப்புப் பண்டிகைப் படமும் அத்தானின் வண்டிவழியும்

நாகர்கோவிலில் ஒரு தகரக் கொட்டகையில் எட்டு வருஷம் படம் ஒட்டுகிறவனாக இருந்தேன். வெளியூர்க்காரர்களிடம் "சினிமாத் துறையில் இருந்தேன்" என்று சொல்லிக்கொள்வது வழக்கம். கேட்டவர்கள் என் முகத்தை ஒருமுறை கவனமாகப் பார்ப்பார்கள். பிறகு, "உள்ளேயா, வெளியேயா?" என்பார்கள். உள்ளேதான். கொட்டகையின் பின்பக்கம், மழை பெய்தால் ஒழுகும் மூலையில், ஒரு பலகைக்கு முன்னால்.

ஊமைப்படக் காலம் அது. பெட்டி எங்களிடம் வரும்போது படம் நாற்பது ஊர் பார்த்திருக்கும். ஓரத்துத் துவாரங்கள் கிழிந்து, ஒவ்வொரு ஊர் ஆபரேட்டரும் தனக்குப் பிடித்த கதாநாயகியின் முகத்தில் நாலு விரற்கடை வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அனுப்பியிருப்பான். முதல் ஊரில் ஓங்கின கை எங்கள் ஊருக்கு வரும்போது இறங்கியிருக்கும். அடி மட்டும் காணாமல் போயிருக்கும். கதாநாயகி நாகர்கோவிலை அடையும்போது பாதி முதுகாகத்தான் இருப்பாள். இதையெல்லாம் சவர பிளேடால் சுரண்டி, பசை தொட்டு, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி ஒட்டுவது என் வேலை. அந்தப் பசை அப்படியே மட்டி வாழைப்பழம் மாதிரி மணக்கும். வீட்டுக்குப் போனால் எறும்புகள் ஆசையோடு என்னைச் சுற்றிவந்து, ஏமாந்து திரும்பும்.

இன்றைக்கும் எங்காவது மட்டிக்குலை பழுத்தால், எனக்கு முதலில் காதில் ஆர்மோனியம் கேட்கிறது. திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இருப்பார்கள். இருவருக்கும் ஆகாது. சோகக் காட்சியில் ஆர்மோனியம் அழுதுகொண்டிருக்க, மிருதங்கம் அடுத்த சண்டைக்குப் போய் உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒருவர் நின்று கதையை விளக்குவார். அவருக்குக் கோபம் வந்த அன்றைக்குக் கதாநாயகன் கெட்டவன் ஆகிவிடுவான். மணல் தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனம் அவரோடு சண்டை போடும். படம் ஊமை, கொட்டகைதான் ஒருநாளும் ஊமையாக இருந்ததில்லை.

பிறகு பேசும்படம் வந்தது. ஊமைப்படங்களை ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளி கிடைக்கும் என்று கழுவி எடுக்கிறவர்கள் வந்து பழைய பெட்டிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனார்கள். நான் வருஷக்கணக்காக ஒட்டிய ஒட்டுகள் அத்தனையும் ஒரு வாரத்தில் போயின. ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. கரையான் தின்ற ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த பெரியவர்களைப் பற்றிக் கண்ணீர் மல்கப் படித்துக்கொண்டிருந்தவன்தான் நான். படித்துக்கொண்டே மூட்டையை இந்தப் பக்கம் ஒரு கை பிடித்துத் தூக்கியும் விட்டேன்.

அந்த நாட்களில்தான் ஒரு மத்தியானம் என் அக்கா கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

அருமனைக்குப் பக்கத்தில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் போகிற வேதக்கோயிலில் சினிமா பார்ப்பதே பாவம். அதில் வேலை செய்வது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை ஜெபப் பட்டியலில், நோயாளிகளுக்கும் வழிதவறிப் போனவர்களுக்கும் நடுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். ஆறு வருஷமாக அந்த இடம் எனக்குத்தான். அப்படிப்பட்டவள் கொட்டகைக்குள் கால் வைக்காமல், வாசலில் நின்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏலே, இஞ்ச வா. நீ இந்தச் சவத்துக்குள்ள இருந்து என்னதான் செய்யுத?"

"கிழிஞ்ச படத்த ஒட்டுதேன்."

"ஓலை ஓலையா வெட்டிப் போட்டத ஒட்டுவியா?"

"யாரு வெட்டினது?"

"அத விடு. ஒட்டுவியா, மாட்டியா? உனக்க அத்தானுக்க வண்டி நாலு மாசமா முற்றத்துல நிக்கி."

அத்தானுக்கு ஒற்றை மாட்டுவண்டி. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கருவாடு ஏற்றிக்கொண்டு மேற்கத்திச் சந்தைகளில் இறக்குவது, திரும்பும்போது தேங்காய் ஏற்றுவது, இதுதான் அவருடைய பிழைப்பு. அவர் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. கோயிலுக்குக் கிழக்கே ஒரு தென்னந்தோப்பு. தோப்பின் ஓரமாக ஒரு பாதை, அதன் வழியாகத்தான் வண்டி ரோட்டுக்கு வரும். தோப்பை வாங்கியிருந்தவர் நாலு மாசத்துக்கு முன் அந்தப் பாதையில் வேலி போட்டுவிட்டார். வாய்க்கால் வரப்பு வழியாக மாடு வெளியே வரும், அத்தானும் வருவார், வண்டி வராது. மாட்டையும் வண்டியையும் இப்படிப் பிரித்து வைத்தால் இரண்டும் சும்மா. அத்தான் மூன்றாவது சும்மா.

தோப்புக்காரரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார். அவருடைய பத்திரத்தில் 'கோயிலை ஒட்டிய வண்டிவழி நீங்கலாக' என்று இருந்தது. எந்தப் பக்கம் ஒட்டிய வழி என்று எழுதியவன் எழுதவில்லை. பழைய கோயிலை இடித்துவிட்டுப் புதுக்கோயில் கட்டி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அவர் தோப்பை வாங்கியது அதற்கும் பிறகு. "பழைய வழி கோயிலுக்கு மேற்கே இருந்தது. அங்க போதகருக்கு வீடு கட்டினப்போ, எல்லாரும் சவுகரியத்துக்கு என் தோப்புவழியா நடக்க ஆரம்பிச்சாங்க. நான் தடுக்காம இருந்தது என் தயவு" என்பது அவர் கட்சி. இல்லை, ஆதியிலிருந்தே கிழக்கேதான் என்பது அத்தான் கட்சி. சாட்சி சொல்ல வந்த எல்லாரும் அத்தானுக்குச் சொந்தக்காரர்கள். அவர்களில் பாதிப்பேர் தோப்புக்காரருக்கும் சொந்தக்காரர்கள்.

போதகர் வீட்டை இடித்து மேற்கே பாதை போட முடியாது. ஆகவே வழி மேற்கே என்று முடிவானால் அத்தானுக்கு இனி வழியே கிடையாது. வண்டியைப் பிரித்து விறகாக விற்கலாம்.

இந்த இடத்தில்தான் யாருக்கோ அந்தப் படம் நினைவு வந்திருக்கிறது. பழைய கோயில் இருந்த காலத்தில் ஒரு மிஷனரி துரை கையால் சுற்றும் காமிராவோடு வந்து, விளைச்சலைச் சபைக்குக் கொண்டுவந்து ஏலம் விடும் அறுப்புப் பண்டிகை அன்று படம் பிடித்தார். ஊருக்குப் போனபின் ஒரு பிரதியைத் தகரப்பெட்டியில் போட்டு அன்போடு அனுப்பிவைத்தார். அதைப் பார்க்கும் இயந்திரம் அந்த ஊரில் இல்லை. ஆகவே பத்து வருஷத்துக்குமேல் அந்தப் படத்தை ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அதில் கோயிலும் பக்கத்து வழியும் இருக்கத்தானே வேண்டும்! "படத்துல எப்பிடி இருக்கோ, அப்பிடி. நான் ஒத்துக்கிடுதேன்" என்று தோப்புக்காரர் சபைக் கமிட்டியில் கையெழுத்துப் போட்டார். அத்தானும் போட்டார்.

"படம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"கோயில்பிள்ளை கொண்டு வாறாரு. பஸ்ஸுக்கு வெளியில தலைய நீட்டி ஓங்கரிச்சுகிட்டு வந்தாரு, அதான் பைய வாறாரு."

கோயில்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்துச் சபைகளில் மணியடிக்கிறவர், விளக்கேற்றுகிறவர், சபையின் சாமான்களுக்குக் காவல். மார்போடு ஒரு துணி மூட்டையை அணைத்துக்கொண்டு வந்தார். அவிழ்த்தார். புல்தைலத்தின் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது. உள்ளே இருந்தது தகரப்பெட்டி இல்லை. இரண்டு மரச்சட்டம், நடுவே அடுக்கடுக்காக ஓலை, எல்லாவற்றையும் கோத்து ஒரு நூல். அசல் ஏட்டுச்சுவடி.

ஓலை இல்லை. படம்.

அவர் வைத்தியர் பரம்பரை. வீட்டில் அண்டா அளவுக்கு ஏடு இருந்ததாம். சபைப் பொக்கிஷம் ஒன்று கையில் கிடைத்ததும், ஏட்டுக்குச் செய்கிற அத்தனை மரியாதையையும் அதற்கும் செய்திருக்கிறார். சுருளை நீட்டி, இரண்டு முழ நீளத்துக்கு மடித்து மடித்து அடுக்கி, மடிப்புகளில் கத்தரித்து, ஒவ்வொன்றின் மேல்முகத்திலும் எழுத்தாணியால் தமிழ் எண் கீறி, நூல் கோத்துச் சட்டம் வைத்துக் கட்டியிருந்தார். வருஷாவருஷம் பண்டிகைக்கு முந்தின வாரம் அவிழ்த்து, இருபக்கமும் புல்தைலம் தடவி, மஞ்சள்பொடி தேய்த்து, திரும்பக் கட்டுவார்.

"எதுக்கு வெட்டினிய?" என்றேன்.

"பின்ன? சுருட்டி வச்சா ஓலை ஒடியாதா பிள்ளே? நிமித்தி வைக்காண்டாமா?"

"இது ஓலை இல்லையே."

"ஓலை இல்லேங்கது எனக்கும் தெரியும். வெள்ளக்காரனுக்க ஓலை. நூல் கோக்க ரெண்டு துவாரம் போதும், அவன் அந்தத்திலேந்து இந்தம்வர துளைச்சு வச்சிருக்கான். கணக்கே இல்லாத்த ஆளுவ. பத்து வருஷமாச்சு, ஒரு பூச்சி தொட்டிருக்கா பாரும்!"

உண்மைதான். ஒரு பூச்சியும் தொட்டிருக்கவில்லை. பூச்சிகளுக்கும் சினிமா ஆகாது போலிருக்கிறது. முதல் ஓலையில் மட்டும், எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று மையும் தடவியிருந்தார். அதில் துரையின் முகம் நம்மூர் முகமாகிவிட்டது. அதைக் கண்டு பயந்து மற்ற ஓலைகளில் மையை விட்டுவிட்டாராம். அந்த விவேகத்துக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

வேலை பன்னிரண்டு நாள் பிடித்தது. கோயில்பிள்ளை கொட்டகையை விட்டு நகரவில்லை. கோட்டாறில் அவருக்கு மருமகள் வீடு. காலையில் வந்து என் பலகைக்கு எதிரே சம்மணம் கொட்டி உட்கார்ந்துவிடுவார். பழைய படச்சுருள் லேசில் தீப்பிடிக்கும், பிடித்தால் அணையாது. ஆகவே பீடி வாசமே இல்லாத இடமாகப் பார்த்து, கிணற்றடியில் உட்கார்ந்து, பெட்ரோலில் நனைத்த மல்துணியால் ஒவ்வொரு ஓலையாகத் துடைத்தேன். பத்து வருஷ மஞ்சள், பத்து வருஷ தைலம். துடைத்த துணியைப் பார்த்தால் கல்யாணவீட்டுப் பந்தியில் இலை எடுத்த துணி மாதிரி இருந்தது. காய்ந்து முறுகிப்போனவற்றை, அடியில் ஈரத்துணியும் கர்ப்பூரமும் போட்ட பெட்டியில் இரண்டு நாள் மூடிவைத்தேன். அது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. "கொள்ளாம், கொள்ளாம், உனக்கும் கொஞ்சம் வைத்தியம் தெரியும்" என்றார். பன்னிரண்டு நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

சில ஓலைகள் பாகாகிப் போயிருந்தன. மிச்சம் நாற்பதுக்குமேல் தேறியது. கிழிந்த துவாரங்களுக்கு வேறு படத்தின் ஓரத்தை நறுக்கி ஒட்டுப்போட்டேன். பிறகு எண் வரிசையில் அடுக்கி, எண் கீறிய முகம் எல்லாம் மேலே வரும்படி வைத்து, ஆட்களின் தலை மேலே இருக்கும்படி பார்த்து, ஒன்றோடொன்று ஒட்டினேன். எண் போட்டுக் கொடுத்த ஏட்டைச் சேர்க்க ஒரு நிபுணன் வேண்டுமா என்று எனக்கே தோன்றியது. அப்படித் தோன்றும்போதுதான் நான் வழக்கமாகத் தப்புச் செய்வேன்.

கடைசி நாள் கையில் ஒரு சுருள் இருந்தது. கோயில்பிள்ளை அதை வாங்கித் தடவிப் பார்த்தார். "திரும்பச் சுருட்டிப்போட்டியே மக்கா" என்றார், பெரிய துக்கத்தோடு.

எங்கள் முதலாளி தங்கமானவர். ஒரு மத்தியானம் கொட்டகையை விட்டுக்கொடுத்தார். பேசும்பட இயந்திரத்தின் வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் எல்லாம் தீ மிதிக்கிற மாதிரி ஓடுவார்கள். ஆகவே மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த பழைய கைச்சுற்று இயந்திரத்தை எடுத்துத் துடைத்தேன். அந்தக் கைப்பிடியை மறுபடியும் பிடித்தபோது, உள்ளங்கையில் பழைய இடத்தில் பழையபடி உட்கார்ந்தது. பேசும்படம் வந்தபின் நான் சந்தோஷப்பட்ட மத்தியானங்களில் அது ஒன்று.

அருமனைப் பக்கத்திலிருந்து பதினைந்து பேர் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். போதகர் கொட்டகை வாசலில் நின்று, சுற்றிலும் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் ஒரு நடிகை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று ஒரு சிறு ஜெபம் செய்தார். சிங்கக் குகைக்குள் போகிறவர்களுக்கான ஜெபம். பிறகு எல்லாரும் உள்ளே வந்து, பாவம் கொஞ்சமாவது குறையட்டும் என்றோ என்னவோ, நாற்காலியில் உட்காராமல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தோப்புக்காரர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, பத்திரத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

தேங்காய்ப்பட்டணத்துக் கருவாட்டு வியாபாரியும் வந்திருந்தார். பருத்த சரீரம், தலையில் தொப்பி. அத்தான் வருஷக்கணக்காக ஏற்றியது அவருடைய சரக்கைத்தான். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை அழைக்கிற மாதிரி எல்லாரும் அவரைக் காக்கா என்பார்கள். "நாலு மாசமா எனக்க கருவாடு ஆள் தலையில போவுது. வழி எங்க இருந்துதுன்னு எனக்கும் தெரியணும்லா?" என்று சொல்லிக்கொண்டு அக்காவுக்குப் பின்பெஞ்சில் சாய்ந்தார்.

தகரக் கதவுகளைச் சாத்தினோம். நான் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன்.

திரையில் மை பூசிய துரை சிரித்தார். பிறகு வெளிச்சம் வந்தது. பழைய கோயிலின் ஜனங்கள், பண்டிகைக்கு வெளுத்துக் கட்டிய வேட்டி சேலையோடு, கையில் சேவலும் காய்ச்சில்கிழங்கும் தேங்காயுமாக, என்ன செய்வதென்று தெரியாமல் காமிராவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் எதையோ சொல்லிச் சிரித்தாள். கொட்டகை முழுக்கப் பேச்சு.

"ஏட்டி, அது உனக்க மைனியில்லியா? எவ்வளவு மெலிஞ்சு இருந்திருக்கா!"

"அந்தச் சேவல் எங்களுக்குள்ளது."

"சேவல அடையாளம் தெரியுதாக்கும் உமக்கு!"

"பண்டிகைக்குக் கொடுத்துட்டு மூணு நாள் அழுதேன்லே, தெரியாதா பின்ன?"

ஆர்மோனியம் இல்லாமலே கொட்டகை நிறைந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியது. விளக்கின் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யாரோ கேட்டார்கள்: "பழைய போதகர் என்ன, இந்தப் பக்கம் நிக்காரு, படக்குன்னு அந்தப் பக்கம் நிக்காரு? குதிக்காரா?"

நான் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து நிபுணனின் குரலில் சொன்னேன்: "அது துரையின் கை நடுங்கியதால் வருவது." நல்ல மனுஷர், கடல்கடந்து போய்விட்டார், பழியை ஏற்றுக்கொள்வார் என்ற தைரியம்தான்.

அப்போது அது வந்தது. பழைய கோயில் நேர்முகமாக. நடுவில் வாசல், இருபக்கமும் ஒரேமாதிரிச் சுவர். முன்னால் ஆண்கள் வரிசையாக வாழைக்குலையோடு. கோயிலின் பக்கத்தில் அகலமான ஒரு பாதை, அதில் குலைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி வருகிறது. இரண்டு முழ ஓலை; மூன்று தடவை கண்ணைச் சிமிட்டினால் போய்விடும். போயும்விட்டது.

"நிறுத்து! நிறுத்துலே!" என்று பதினைந்து பேரும் கத்தினார்கள்.

நிறுத்தினால் விளக்கின் சூட்டில் படம் பற்றிக்கொள்ளும் என்று சொல்லி, முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். மூன்றாம் முறை சந்தேகமே இல்லை. கோயிலுக்கு முன்னால் நின்று பார்க்கிறோம். வலப்பக்கம் என்றால் கிழக்கு, தோப்பு. இடப்பக்கம் என்றால் மேற்கு.

பாதை இடப்பக்கம் இருந்தது.

கதவைத் திறந்தார்கள். பிறகு சபையிலேயே மூத்தவரான ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். "சரிதான், மேற்கேதான் இருந்திருக்கு. நான்தான் மறந்துபோனேன்" என்றார். நேற்றுவரை கிழக்கு என்று சத்தியம் செய்தவர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் மேற்கே நடந்தது மெல்ல மெல்ல நினைவுக்கு வர ஆரம்பித்தது. அங்கே ஒரு கல் காலில் இடறியதுகூட நினைவு வந்துவிட்டது. படம் பார்த்து மனிதர்களின் ஞாபகம் இடம்பெயர்வதை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன்.

தோப்புக்காரர் பத்திரத்தை மடித்தார். வெற்றியின் சிரிப்பு எதுவும் முகத்தில் இல்லை. "போதகரே, பாத்துட்டிய. எழுதிக்கிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அத்தான் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க அப்பன் வண்டி ஓட்டின வழி எனக்குத் தெரியாமலா போச்சு?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். சினிமாக்காரன் என்று ஆறு வருஷம் பார்த்த பார்வை அதைவிட எவ்வளவோ தேவலை.

அப்போது பின்பெஞ்சிலிருந்து காக்கா கேட்டார்: "எனக்கு ஒரு சம்சயம். இது உங்க கோயில் பண்டிகைதானா? இல்ல எங்க ஆளுவளுக்குள்ளதா?"

"என்ன காக்கா சொல்லுதிய?"

"அந்தக் குலை பிடிச்சிட்டு நிக்கவன்மாரு எல்லாரும் எங்கள மாதிரி உடுத்திருக்கானுவ. கரை இடப்பக்கம்லா விழுது?"

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இஸ்லாமியர்கள் வேட்டியை இடப்பக்கமாகச் சுற்றிச் செருகுவார்கள். மற்ற எல்லாரும், கிறிஸ்தவர்களும் இந்துக்களும், வலப்பக்கம். பிறந்ததிலிருந்து கை அப்படியே பழகியிருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கட்டச் சொன்னாலும் மாறாது.

கொட்டகையில் இருந்த அத்தனை ஆண்களும் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். போதகர் பார்த்தார். கோயில்பிள்ளை பார்த்தார். தோப்புக்காரரும் பத்திரத்தை நகர்த்திவிட்டுப் பார்த்தார். கடைசியாக நான் பார்த்தேன்; வலப்பக்கம்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பட ஓலைக்கு இரண்டு முகம். ஒன்று படமருந்து பூசிய மங்கல் முகம், மற்றது பளபளப்பு. அதைக் குப்புறப் போட்டு ஓட்டினாலும் படம் தெரியும். இடது வலதாகும், வலது இடதாகும், அவ்வளவுதான். தைலமும் மஞ்சளும் ஊறிய ஓலையில் இரண்டு முகமும் ஒரேமாதிரி இருக்கும். தொழில் தெரிந்தவன் அப்போது என்ன செய்வான் என்றால், ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பான்; மருந்துள்ள முகம் ஒட்டும், மற்றது ஒட்டாது. பத்து வருஷம் கோயில்பிள்ளை தடவிய சரக்கை உதட்டில் வைக்க நான் அருவருத்தேன். எண்ணைப் பார்த்தாலே போதும் என்று விட்டுவிட்டேன்.

இதை எழுந்து நின்று சொன்னேன். 'துறையில்' எட்டு வருஷம் இருந்தவன் சொல்ல வேண்டிய பேச்சு இல்லை. சொல்லி முடித்ததும் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே மண்டா! அவரு மடிச்சு மடிச்சு அடுக்கினாருன்னு நீதான சொன்ன? சீலைய மடிச்சு அடுக்கினா ஒரு மடி நிமிந்து கிடக்கும், ஒரு மடி குப்புறக் கிடக்கும். ஒண்ணுவிட்டு ஒண்ணு. மேல தெரிஞ்சதுல எல்லாம் நம்பர் போட்டா? சீலை மடிக்கத் தெரியாத்தவன் எல்லாம் படம் ஒட்ட வந்துட்டான்!"

கோயில்பிள்ளை, "நான் நம்பர் சரியாத்தான் போட்டேன்" என்றார். அது உண்மை.

தோப்புக்காரர் கையை உயர்த்தினார். "இரு. ஒண்ணுவிட்டு ஒண்ணு குப்புறன்னா, எது நிமிந்தது, எது குப்புற? பாதை இருக்கது நிமிந்ததாவும் இருக்கலாம்லா? இவனுக்க படம் கொஞ்சம் முன்ன ஒண்ணு சொல்லுச்சு, இப்ப வேற ஒண்ணு சொல்லப்போவுது."

நியாயமான கேள்வி. பாதை இருந்த ஓலையைச் சுருளிலிருந்து வெட்டி எடுத்தேன். எல்லாரும் பார்க்க, நாக்கால் உதட்டை நனைத்து, ஓரத்தை வைத்தேன். புல்தைலமும் மஞ்சளும் பெட்ரோலும் சேர்ந்த அந்த ருசி இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஒட்டியது. நான் பளபளப்பு என்று வைத்து ஓட்டிய முகம் மருந்துள்ள முகம்; ஓலை குப்புறத்தான் ஓடியிருக்கிறது. பிறகு தோப்புக்காரர் தானே எழுந்து வந்து, அதே ஓலையைத் தன் உதட்டில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். ஒட்டியது என்று தலையை ஆட்டினார்.

அந்த ஓலையின் இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டி ஒரு வளையமாக்கி, சரியான முகத்தில் இயந்திரத்தில் மாட்டினேன். இனி நிறுத்தாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஓடும். கதவைச் சாத்தினோம்.

வாழைக்குலையோடு நின்றவர்களின் வேட்டிக்கரை வலப்பக்கம் விழுந்தது. கோயிலுக்கு வலப்பக்கம், தோப்பின் ஓரமாக, வண்டி வந்தது. மறைந்தது. மறுபடி வந்தது. அந்த வழியில் நாலு மாசமாக எந்த வண்டியும் வரவில்லை. அன்று அந்த ஒரே வண்டி முப்பது தடவையாவது வந்திருக்கும். என் கை வலித்தது. சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை.

கடைசியில் தோப்புக்காரர்தான் சொன்னார். "போதும். கிழக்கேதான். வேலிய நாளைக்கே எடுத்துடுதேன்." பிறகு என்னிடம் வந்தார். "அந்தத் துண்ட என்கிட்ட கொடு. பத்திரத்தோட வைக்கணும். நாளைக்கு என் பிள்ளைங்க காலத்துல வேறொருத்தன் வந்து திருப்பிப் பிடிச்சுக் காட்டுவான்."

நான் தயங்கினேன். பன்னிரண்டு நாள் பாடுபட்டுச் சேர்த்த படத்தில் நல்ல ஓலை அதுதான். ஆனால் அவர் செய்ய நினைத்தது ஒருவகையில் என் தொழிலைத்தான், படத்தைக் காப்பாற்றுவது. எங்கே இருந்தால் பத்திரம் என்று யோசித்தால், சினிமாக் கொட்டகையைவிட அவருடைய இரும்புப்பெட்டி எவ்வளவோ மேல். வளையத்தைப் பிரித்து, மேல்முகம் எது என்று ஓரத்தில் கீறி, கொடுத்தேன். பத்திரத்தின் மடிப்புக்குள் வைத்து எடுத்துப்போனார். மற்ற எல்லா ஓலைகளையும் சரியான முகத்துக்குத் திருப்பி ஒட்ட எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. இந்தமுறை ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்தேன். ஒரு வாரம் சோறு ருசிக்கவில்லை.

அந்த வருஷ அறுப்புப் பண்டிகைக்கு, போதகரே ஆள் அனுப்பி என்னையும் இயந்திரத்தையும் வரவழைத்தார். இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வந்தது அத்தானின் வண்டி. கோயிலுக்குள் ஜன்னல்களில் ஓலைப்பாயைக் கட்டி, சுவரில் வேட்டி விரித்து ஓட்டினேன். அதற்குப் பிறகு, நான் அந்த ஊர்ப்பக்கம் போகாமல் இருந்த இரண்டு வருஷம் தவிர, எல்லா வருஷமும் அது நடந்தது.

வெட்டின இடத்தில் படம் ஒரு துள்ளுத் துள்ளும். சேவல் பிடித்த பெண் சிரித்துக்கொண்டிருப்பாள்; படக்கென்று ஏலம் போடுகிற ஆள் வந்துவிடுவார். நடுவில் இருந்த மூன்று சிமிட்டல் இரும்புப்பெட்டியில் இருக்கிறது. அந்தத் துள்ளல் வந்ததும் அத்தான் பெஞ்சிலிருந்து எழுந்து, சுவரைப் பார்த்துக் கையை நீட்டுவார்.

"இஞ்சதான், இந்த எடத்துலதான் நம்ம வழி வரும்."

"இரியும்," என்பாள் அக்கா, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து. "பின்னால இருக்கவங்களுக்கு மறைக்கி."